என்.பி.ஓ. என்று எழுதிய அட்டை

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த என் கணவருக்குக் குடல் அடைத்துக்கொண்டது. நெய்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் 'என்.பி.ஓ.' என்று அட்டை மாட்டினார்கள்.

"அப்படின்னா என்னாங்க?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுங்க, தண்ணிகூட. ஆபரேஷன்ல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாக்கு ஒட்டிகினு இருக்குது. ஒரு வாய் குடு. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

நான் கொடுக்கவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டை மட்டும் நனைத்தேன். அதைச் சப்பப் பார்த்தார், இழுத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை. மறுநாள் போய்விட்டார். நான் செய்ததுதான் சரி என்று டாக்டர் சொன்னார். எனக்கும் தெரியும். ஆனாலும் இப்போது வீட்டில் யார் தண்ணீர் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் கொண்டுபோய் நீட்டிவிடுகிறேன்.