பச்சை விளக்குக்குக் கீழே இருந்த வார்த்தை

முனிராஜு போய்விட்டான். இன்று காலை... நெஞ்சு வலி.

எழுத்து மேலும் கீழுமாக ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதுகிறேன், மருமகள் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவாள். இதுவரை எழுதவே அரை மணி நேரம் ஆகிவிட்டது.

அவனும் நானும் சூளகிரிப் பக்கம் ஒரே கம்பெனியில் இரும்பு தூக்கியவர்கள். போன வருஷம்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்தோம்.

அவனுக்குக் கேள்வி நிற்காது.

"டீச்சரம்மா, இந்த மூணு புள்ளிக்கு என்னா வேலை?"

"எஃகுன்னு எழுத வேணுமே தாத்தா. ஸ்டீலு."

"அடப்பாவி! முப்பது வருஷம் தூக்குன சாமான்ல இந்தப் புள்ளி இருந்ததே தெரியலையே!"

அன்று நான் ஒரு பக்கம் முழுக்க எஃகு, எஃகு என்று எழுதினேன். அத்தனை சந்தோஷம்.

தமிழ் வந்ததும் பஸ் போர்டுக்காகக் கன்னடம் ஆரம்பித்தான். "இன்னும் இங்கிலீஷ் பாக்கி இருக்குது. அதுக்குள்ள மேல கூப்ட்டா வரமாட்டேன்" என்பான்.

மூன்று மாதம் முன்பு ஊரில் மருத்துவ முகாம். ஈசிஜி எடுத்து, தாளைக் கையில் கொடுத்து, ஓசூர் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். ஒரே கூட்டம்... என்ன ஏது என்று கேட்க முடியவில்லை.

டீக்கடையில் தாளை விரித்தான். எல்லாம் இங்கிலீஷ்.

எனக்கு ஒரே ஒரு வார்த்தை தெரியும். எங்கள் கம்பெனி மெஷினில் பச்சை விளக்குக்குக் கீழே இருக்கும். விளக்கு எரிந்தால் எல்லாம் சரி. அதே வார்த்தை தாளின் உச்சியில்!

"நார்மல்டா!" என்று கத்தினேன்.

"முன்னாடி ரெண்டு எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்குதே?"

"ஏ, பி. அது ரத்த குரூப்புடா."

"அட, நீயும் படிச்சவன் ஆயிட்டியே!" முதுகில் ஓங்கித் தட்டினான். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தான். ஓசூருக்குப் போகவே இல்லை.

இன்று அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினேன். அந்த ரெண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே வார்த்தையாம், அப்நார்மல். சரியில்லை என்று அர்த்தமாம்.

"அப்பவே வந்திருந்தா பொழைச்சிருப்பானா சார்?"

அவர் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "தெரியலைங்க ஐயா. எனக்கும் தெரியலை."

மஞ்சுளாம்மா... உங்கப்பன் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று காலையில் எல்லோரையும் கேட்டு அழுதாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவன் நோட்டிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அந்தத் தாளைப் படித்துச் சொன்னது நான்தான் தாயி.

முனிராஜு, தப்பாகப் படித்துவிட்டேன்டா.

போய் வா.