ஆமைகளை மட்டும் பிடித்த வலை

கீரனூரிலிருந்து திருச்சி போகும் பஸ். இன்று ஆபீசில் காட்ட வேண்டிய மீன்பிடி கேமை மடியில் லேப்டாப் வைத்து ஓட்டிப் பார்த்தேன்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். "என்னங்க தம்பி, மீனெல்லாம் தப்பிச்சுப் போகுது, ஆமை மட்டும் மாட்டுது?"

கேமில் மீன், ஆமை, படகு என ஒவ்வொரு வகையும் ஒரு லேயர்; வலை எந்தெந்த லேயரைப் பிடிக்கலாம் என்று சொல்வது லேயர் மாஸ்க். அதில் 'ஆமை' என்பதை 'ஆமையைத் தவிர' என்று மாற்றும் ~ குறியைப் போட மறந்திருக்கிறேன். போட்டேன்.

மீன் மாட்டியது. கூடவே படகும்.

"அய்யய்யோ, சொந்தப் படகையே இழுக்குதே!"

படகு லேயரையும் ஆமையோடு | குறியால் சேர்த்து, அடைப்புக்குறிக்குள் வைத்து, முன்னால் ~ போட்டேன். மீன் மட்டும் வந்தது. அக்கா கை தட்டினார்.

ஆபீசில் மேனேஜர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாருக்கு. ஆமையும் மாட்டட்டுமே, ஜாலியா இருக்கும்."

லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். உங்கள் ஆபீசிலும் இப்படித்தானா?