சனிக்கிழமைச் சொட்டு

என் வீட்டுக்காரருக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிந்தபோது, இடது கண்ணின் ஓரப் பார்வை பாதி போயிருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற இருவேளையும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர்.

மனுஷர் தானேதான் விட்டுக்கொள்வார், என்னைத் தொடவிட மாட்டார். ஆபீசுக்கு லீவும் போட மாட்டார். அதனால் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமைகளில்தான் போவோம். மருந்தை மாற்றியும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறியே இருந்தது. "அடுத்த தடவையும் இப்படின்னா ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்த நோய்க்காரர்களைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒரு நர்ஸ் புதிதாக வந்திருந்தார். டாக்டர் எங்களை அவரிடம் அனுப்பினார்.

"காலையில எழுந்ததுலேர்ந்து என்ன பண்ணீங்க சார்?"

"குளிச்சேன், பூஜை பண்ணேன், கிளம்பி வந்தேன்."

"சொட்டு?"

"சனிக்கிழமை ஆச்சே, பெருமாள் விரதம். சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது."

"கண்ணுல விடறதுக்கென்ன சார்?"

"தொண்டையில கசப்பு இறங்குதே சிஸ்டர். விரதம் போயிடாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிசோதனைக்கு வந்த சனிக்கிழமையெல்லாம் சொட்டு விடாமலே வந்திருக்கிறார்! பெருமாளா வந்து கண்ணைக் கேட்டார்? நர்ஸோ சிரிக்கவும் இல்லை, விரதத்தை விடச் சொல்லவும் இல்லை.

"கசக்குதுன்னா மருந்து கண்ணுல தங்காம தொண்டைக்குப் போவுதுன்னு அர்த்தம் சார். போக விடாம பண்ணிடலாம்."

ஒரு சொட்டு விட்டார். கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் ரெண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ளச் சொன்னார். இவர் எச்சில் விழுங்கிப் பார்த்தார், மறுபடியும் விழுங்கிப் பார்த்தார்.

"கசக்கவே இல்லையே!"

நான் மலைத்துப் போனேன். எத்தனை மாசமாக மருந்தைத் திட்டினேன், நோயைத் திட்டினேன்! ஒரு விரலில் இருந்திருக்கிறது விஷயம்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் போன் அடித்தது. "சார், விட்டாச்சா?" நர்ஸ்தான். அத்தனை நோயாளிகளுக்கு நடுவே எங்கள் வீட்டு விரத நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அதற்கடுத்த பரிசோதனையில் அழுத்தம் இறங்கியிருந்தது. ஆபரேஷன் இப்போது தேவையில்லை என்றார் டாக்டர். திரும்பும் வழியில், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன்.

"ஏண்டி, கண்ணு எனக்குத்தானே சரியில்ல?" என்றார் இவர். "அழாத. உன் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியுது."