மாதாவாவது நிற்கட்டும்

செவ்வாய்க்கிழமை காலை பூதலூருக்குக் கிழக்கே ஒரு வயலில் சோலார் பம்ப்செட்டின் கன்ட்ரோலரைத் திறந்து வைத்திருந்தேன். அதுதான் என் வேலை. மணி பார்க்கப் போனை எடுத்தபோது எங்கள் அன்பியத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி வந்திருந்தது. "லூர்துமேரி அத்தை காலைல மில்லுல தவறிட்டாங்க. மாதா அவங்க வீட்டுல இருக்காங்க."

நம் அந்தோணியார் பங்கைச் சேராதவர்கள் இதைப் படித்தால் அந்த இரண்டாவது வரி விளங்காது. எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்க வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம். சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். சிறிய மாதா சுரூபம் ஒன்று, மரப்பெட்டியில் கண்ணாடிக் கதவோடு, அந்த வீட்டில் ஒரு வாரம் தங்கும். அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டுக்காரரே அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் மெழுகுவர்த்தியோடு பின்னால் போய் அடுத்த வீட்டில் சேர்ப்போம். லூர்து அத்தை இறந்தது மாதா அவர் வீட்டில் இருந்த வாரம்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கீழே கேட்டிருந்தார்கள்: "சனிக்கிழமை யார் எடுக்கிறது?" எனக்குக் கோபம் வந்தது. உடம்பு இன்னும் ஆறியிருக்காது, அதற்குள் இதா என்று தோன்றியது. கன்ட்ரோலரை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. அத்தை உயிரோடு இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

லூர்து அத்தையை எல்லோருக்கும் மாவு மில் அத்தையாகத்தான் தெரியும். மாமா போன பிறகு மில்லைத் தனியாக நடத்தினார். மகன் பிரிட்டோ குவைத்தில். பகல் முழுக்க பெல்ட் ஓடும் சத்தத்தில் பேசிப் பேசி, சத்தம் இல்லாத இடத்திலும் கத்தித்தான் பேசுவார். அன்பியத்துக்கு வரும்போது புருவத்தில் மாவு இருக்கும். முடியில் இருப்பது நரையா மாவா என்று யாராலும் சொல்ல முடியாது. மிளகாய் அரைத்த நாளாக இருந்தால் செபமாலை நெடுக எங்களுக்குத் தும்மல்.

எனக்கு அவர் சொந்த அத்தை கிடையாது. ஆனாலும் என்னை "மருமவனே" என்றுதான் கூப்பிடுவார். "உங்களுக்குத்தான் பொண்ணே இல்லையே அத்தை" என்றால், "அதனாலதான் தைரியமா கூப்புடுறேன்" என்பார்.

நான் பொறுமை இல்லாதவன். இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரசங்கம் நீளும்போது கடிகாரம் பார்ப்பவன் யார் என்று நம் பங்குச் சாமிக்கே தெரியும். அன்பியத்தில் எனக்குப் பெரிய சோதனை மன்றாட்டு. ஒவ்வொருவராக, "உலக சமாதானத்துக்காகவும், திருச்சபைக்காகவும்" என்று ஆரம்பித்து, முந்தினவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். அத்தை மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். "பேரு வெலாசம் இல்லாம தபால் போட்டா எங்கடா போய்ச் சேரும்?" என்பது அவர் கட்சி.

ஒருமுறை, குறுவைக்குத் தண்ணீர் திறந்த சமயம், கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று வேண்டினார். "ஆண்டவரே, செபஸ்தியான் அண்ணன் வயலுக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது. மேல்மடைய அடைச்சவரும் இங்கதான் ஒக்காந்து செபமாலை சொல்றாரு. ரெண்டு பேரையும் ஆசீர்வதியும். மடைய அடைச்சவர கொஞ்சம் சீக்கிரமா ஆசீர்வதியும்." எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். மறுநாள் காலை மடை திறந்திருந்தது. இன்னொரு வாரம் என்னை வைத்து, "ஜெரால்டு கைக்கடியாரம் ஒரு மணி நேரம் நின்னுபோவணும்னு ஒம்மை மன்றாடுகிறோம்" என்றார். என் அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாக அதற்குப் பதில் சொன்னார்.

கலியமூர்த்தி அவர்கள் வீட்டு விஷயம் பலருக்கு நினைவிருக்கும். அந்த வீட்டு அம்மா மிளகாய் அரைக்க வந்த இடத்தில் அத்தையிடம் மெல்லக் கேட்டிருக்கிறார். மருமகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. "ஒங்க மாதாவ எங்க வீட்டுக்கும் ஒரு வாரம் கூட்டியாயேன் லூர்து." அத்தை சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்பியத்தில் சலசலப்பு. அவர்கள் நம் மதம் இல்லை என்றார்கள் சிலர். சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருந்தது. அந்த வீட்டு நிலத்தில் எங்கள் தெரு தலைமுறையாக நடவு நட்டிருக்கிறது. வாசற்படி தாண்டி உள்ளே போனதில்லை.

செபஸ்தியான் மாமாதான் அன்பியச் செயலாளர். "பங்குச் சாமிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்புடி லூர்து?" என்றார்.

"பைபிள்ல எலிசபெத்தம்மா மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் மாதா கெளம்பிப் போனாவளே, யாருகிட்டண்ணே கேட்டுட்டுப் போனாவ?"

போனோம். நடுக்கூடத்தில் கோலம் போட்டு நாற்காலியில் பட்டுத்துணி விரித்திருந்தார்கள். நாங்கள் தரையில் உட்காரப் போனபோது அந்த அம்மா பெஞ்சை இழுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை மாதா திரும்பி வந்தபோது கண்ணாடிக்குள் பாதத்தில் குங்குமம். யாரோ துடைக்கப் போனார்கள். "இருக்கட்டும் வுடு. போன வீட்டுல பொட்டு வச்சு அனுப்பிருக்காவ" என்றார் அத்தை. பிறகு குழந்தை பிறந்தது. இதற்குக் காரணம் மாதாவா, தஞ்சாவூர் டாக்டரம்மாவா என்று நான் கிண்டலாகக் கேட்டேன். "ரெண்டு பேரும் பொம்பளைங்கதானே, அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க. நீ போயி மோட்டாரப் பாரு" என்றார்.

ஆனால் அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு மூடிய கதவு.

எங்கள் தெருவில் முதலில் எங்கள் வீடு, அடுத்து மில்லும் அத்தை வீடும், அதற்கடுத்து என் அருளப்பன் சித்தப்பா வீடு. சித்தி இறந்த வருடம், அந்தோணியார் திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. துக்கம் நடந்த வீட்டு வாசலில் தேர் நின்று, இறந்தவர் பெயர் சொல்லிச் செபித்த பிறகுதான் நகரும்; அது வழக்கம். சித்தப்பா ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் தேருக்குக் காணிக்கை வைக்கும் உப்பு மிளகுத் தட்டுமாக வாசலில் காத்திருந்தார். தேர்ப் பொறுப்பு என் அப்பாவிடம். பல்பு வரிசையில் தண்ணீர் இறங்கிவிடும், ஷாக் அடித்துவிடும் என்ற பதற்றத்தில் ஓட்டமாகத் தள்ளினார்கள். காணிக்கை வாங்க மில் வாசலில் நின்ற தேர் அதற்குப் பிறகு கொட்டகைக்குப் போய்த்தான் நின்றது.

சித்தப்பா அன்று கதவை மூடியவர்தான். கோயிலுக்கும் வருவதில்லை, அப்பாவோடும் பேச்சில்லை. "மழைடா, நான் என்ன பண்ணட்டும்?" என்பார் அப்பா. "மழை எனக்கும்தான் பேஞ்சுது, நான் நிக்கலியா?" என்று சித்தப்பா கேட்டதாகக் காதுக்கு வரும். மின்சாரம் படித்தவனாக அப்பா செய்தது சரி என்றுதான் சொல்வேன். தம்பியாகச் சித்தப்பா கேட்டதும் சரிதான்.

மாதா வரிசை அத்தை வீட்டிலிருந்து அடுத்து சித்தப்பா வீட்டுக்குத்தான் போக வேண்டும். கதவு திறக்காத வீடு என்று எல்லோரும் தாண்டிப் போயிருப்பார்கள். அத்தை தாண்ட மாட்டார். மாதாவைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் நிற்பார். கதவைத் தட்ட மாட்டார், கூப்பிட மாட்டார். ஓர் அருள் நிறை செபம் சொல்வார். சித்தி பெயரைச் சொல்லி நித்திய இளைப்பாற்றி வேண்டுவார். அப்புறம்தான் அடுத்த வீடு. ஒவ்வொரு சுற்றிலும், பனியோ கொசுவோ, இதே கதை. அப்பா கூட்டத்தின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

ஒரு தடவை என்னால் பொறுக்க முடியவில்லை. "கதவு தொறக்காதுன்னு தெரியும்ல அத்தை. எதுக்கு இத்தன பேரையும் நிக்க வைக்கிறீங்க?"

அவர் குரலை இறக்கிப் பேசி நான் கேட்டது அன்றுதான். "தேரு என் வாசல்ல நின்னுச்சுடா. பக்கத்து வாசல்ல நிக்கல. அது எனக்கு எப்புடி இருக்கும்? தேருதான் நிக்கல, மாதாவாவது நிக்கட்டும்." பிறகு வழக்கமான சத்தத்துக்கு வந்துவிட்டார். "அவன் தொறக்குறது அவன் பாடு. நிக்கிறது நம்ம பாடு. கடியாரத்தப் பாக்காம நட மருமவனே."

போன சுற்றில் நாங்கள் அங்கே நின்றபோது, அதுவரை இருட்டாகவே இருக்கும் அந்த வாசலில் விளக்கு எரிந்தது. "கரண்டு வந்துருக்கும்" என்றார் அத்தை. கரண்டு போகவே இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அடக்கத்தன்று அத்தையின் வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி ஒரு பக்கம், மாதா ஒரு பக்கம். பிரிட்டோ குவைத்திலிருந்து வந்து சேர்ந்தான். கல்லறையில் சித்தப்பா வந்து ஒரு பிடி மண் போட்டார். அப்பா குழியின் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கலியமூர்த்தி வீட்டு அம்மா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லறை வாசலருகே நின்று அழுதார்.

சனிக்கிழமை வந்தது. அத்தை வீட்டில் கூடினோம். செபமாலை முடிந்தது. அடுத்து மன்றாட்டு. பழக்க தோஷத்தில் எல்லோரும் அத்தை ஆரம்பிப்பார் என்று காத்திருந்திருக்கிறோம். பக்கத்து மில்லின் அமைதி காதை அடைத்தது. அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று எனக்குத் தெரியாது. நான் கடிகாரம் பார்க்கவில்லை.

மாதாவை எடுக்க வேண்டியவன் பிரிட்டோ. அவன், "எனக்குப் பழக்கமில்ல, நீங்க யாராவது எடுங்க மாமா" என்று செபஸ்தியான் மாமாவைப் பார்த்தான். மாமா தொண்டையைச் செருமினார். "துக்க நேரம். நேரா பிச்சைமுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருவோமே?" சித்தப்பா வீட்டைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு அது மரியாதையான வார்த்தை.

என் அப்பா எழுந்தார். மாதாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே இறங்கி நடந்தார். அவர் எங்கே நிற்பார், நிற்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சித்தப்பா வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. வாசல் கழுவிய ஈரம் காயவில்லை. உள்ளே நாற்காலியில் வெள்ளைத்துணி விரித்து, பக்கத்தில் சித்தியின் படத்தை வைத்திருந்தார். சித்தப்பா நிலைப்படியில் உப்பு மிளகுத் தட்டோடு நின்றார். அப்பா படிக்குக் கீழே நின்றுவிட்டார். அவர் கையில் இருந்த பெட்டியின் கண்ணாடிக் கதவு கடகடவென்று ஆடியது. சித்தப்பா தட்டைக் கீழே வைத்தார்.

"பாத்து வாண்ணே. படி வழுக்கும்" என்றார்.

அப்பா ஏறினார். செபஸ்தியான் மாமா பாட்டை எடுத்தார். கூடத்தில் நாங்கள் கேட்ட மன்றாட்டு ஒன்றே ஒன்று, சித்தப்பா சொன்னது. "மாவு மில் லூர்துமேரிக்காக. என் வாசல்ல நின்னதுக்காக." பெயரும் விலாசமும் சரியாக இருந்தன.

அத்தை இதைப் பார்த்திருக்க வேண்டும். நாலு நாள். நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. மோட்சத்திலிருந்து பார்த்திருப்பார் என்று சாமி சொன்னார். இருக்கலாம். எனக்கு அவர் இங்கே, புருவத்தில் மாவோடு, "கரண்டு வந்துருக்கும்" என்று சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

பிரிட்டோ மில்லைப் பூட்டிவிட்டுக் குவைத் திரும்பிவிட்டான். தெருவில் மிளகாய் நெடி இல்லை, தும்மலும் இல்லை. நான் தினமும் வேலைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். எட்டு மணிக்குள் வயலில் இருக்க வேண்டியவன், மில் வாசலில் வண்டியை நிறுத்துகிறேன். கதவு திறக்காது என்று தெரியும். ஓர் அருள் நிறை சொல்லும் நேரம் நிற்கிறேன். அத்தையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். பிறகு வண்டியை எடுக்கிறேன்.