சுவர் விட்டுப்போன கூடம்

வீடு கட்டுகிறவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ரூம் வரும்?" கல்லூரி கட்டுகிறவர்கள் கேட்பது, "எத்தனை கதவு, எத்தனை பூட்டு?" குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து இருபத்தைந்து வருடமாகக் கட்டடம் வரைகிறேன். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யார் அறை வாசலிலாவது நீங்களும் காத்துக் கிடந்திருந்தால், இது உங்கள் கதையும்தான்.

தாம்பரத்தைத் தாண்டி ஒரு கல்லூரி. பிள்ளைகள் கூடிப் படிக்கவும், சின்னதாகத் தொழில் தொடங்கிப் பழகவும் ஒரு கட்டடம் வேண்டும் என்றார்கள். தரைத்தளத்தின் நடுவில் சுவரும் கதவும் இல்லாத பெரிய கூடம் ஒன்றை வரைந்தேன். எந்தத் துறைப் பிள்ளையும் வரலாம், மேசையை இழுத்துப் போட்டு உட்காரலாம். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், இந்தக் கூடம் மட்டும் பிழைத்தால் போதும் என்றிருந்தேன்.

தாளாளரின் விரல்

கல்லூரித் தாளாளருக்கு எழுபது வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற முகம். வரைபடத்தை விரித்ததும் அவர் விரல் நேராக என் கூடத்தில் போய் நின்றது.

"இது எந்த டிபார்ட்மெண்ட்?"

"எல்லா டிபார்ட்மெண்டும்தான் சார்."

"அப்போ பொறுப்பு யாரு?"

"பிள்ளைங்கதான் சார்" என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "யாருக்கும் சொந்தமில்லாத இடத்தை யாரும்மா கூட்டுவாங்க?"

படிக்கட்டுக்குக் கீழே ஒரு கம்பெனி

பிள்ளைகளிடமே கேட்டுவிடலாம் என்று கூட்டம் போட்டோம். நாற்பது பேர் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என்ன கேட்டாலும் "ஓகே மேடம்." பேராசிரியர்கள் டீ குடிக்க வெளியே போன பிறகுதான் வாய்கள் திறந்தன. ஏசி கேட்டார்கள், வைஃபை கேட்டார்கள், ஒருவன் பிரியாணி கேட்டான்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் ரேவதி, பி.காம். இரண்டாம் ஆண்டு, பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். படிப்பை முடித்துப் போகும் சீனியர்களிடம் பழைய லேப் கோட்டுகளை வாங்கி, துவைத்து, தைத்து, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறாள். சரக்கெல்லாம் அறிவியல் பிளாக்கின் மாடிப்படிக்குக் கீழே ஒரு கோணிப்பையில் இருக்கிறதாம். வாட்ச்மேன் கண்ணில் பட்டால் பையும் அவளும் வெளியே. வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். அங்கே வைக்க இடமில்லை.

"உனக்கு எவ்வளவு பெரிய ரூம் வேணும்?" என்று கேட்டேன்.

"எனுக்கு ரூம்லாம் வாணாம் மேடம். ஒரு செல்ஃபு, அயர்ன் பாக்ஸ் சொருவ ஒரு பிளக் பாயிண்ட்டு, எந்திரிச்சுப் போன்னு யாரும் சொல்லாத ஒரு எடம். அவ்ளோதான்."

அன்றைக்கு வரை அந்தக் கூடம் எனக்கு ஒரு கொள்கை. அதற்குப் பிறகு அது ரேவதியின் இடம்.

மேஸ்திரியின் உதவி

தாளாளர் அரைமனதாகக் கையெழுத்துப் போட, வேலை தொடங்கிக் கூரைத்தளமும் போட்டு, முட்டுப் பலகையெல்லாம் பிரித்தாயிற்று. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், என் கூடத்தின் குறுக்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேஸ்திரி ஏழுமலை, கீழ்க்கட்டளைக்காரர், பரிசுக்குக் காத்திருப்பவர்போல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பிளான்ல சுவரு விட்டுப்போச்சு மேடம். பெரியவரு பார்த்தா உங்களைத் திட்டுவாரு. அதான் ஞாயித்துக்கெயமகூடப் பார்க்காம நாமளே ஏத்திட்டோம்."

எனக்காக லீவு நாளில் வேலை பார்த்த மனிதரை எப்படித் திட்டுவது? விழித்துக்கொண்டு நிற்கும்போதே தாளாளர் வந்துவிட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். "நல்லாயிருக்கே! மேல வரைக்கும் ஏத்திக் கதவு வெச்சிடுங்க" என்றார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் தவணை வாங்கினேன். அதற்குள் கூடம் எதற்கு என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு, பூட்டு எல்லாம் வரும்.

அவர் போனதும் ஏழுமலை தலையைச் சொறிந்தார். "இடிக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க மேடம். காஞ்சப்புறம் இடிச்சா மனசு பேஜாராப் பூடும்."

பதினோரு காரணங்கள்

அஸ்தினாபுரத்து வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதினோரு காரணங்கள் எழுதினேன். கூட்டுக்கற்றல், படைப்பூக்கம், துறைகளுக்கிடையே உரையாடல் என்று ஒவ்வொன்றும் தேர்த்திருவிழா மாதிரி வார்த்தைகள். என் கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர், பொறுமைசாலி. முழுவதையும் படித்துக் காட்டினேன். ஏழாவது காரணத்தில் கொட்டாவி விட்டார், பதினொன்றாவதில் எழுந்தேவிட்டார்.

"இதைக் கேட்டா எனக்கே ஒரு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கணும் போல இருக்கு."

சைஸ் நாற்பத்திரண்டு

தவணையின் கடைசி நாள், விடியற்காலையிலிருந்து விடாத மழை. பதினோரு காரணங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்பே ரேவதி கூடத்தில் இருந்தாள். அறிவியல் பிளாக் படிக்கட்டின் கீழே தண்ணீர் ஏறிவிட்டதாம். பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளுக்கு ஏழுமலையின் சுவர்தான் அகப்பட்டிருக்கிறது. செய்தித்தாள் விரித்து, அதன்மேல் சைஸ் வாரியாகக் கோட்டுகளை அடுக்கியிருந்தாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு முதல் லேப். கோட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முப்பது பேர் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள்.

தாளாளர் குடையோடு வந்தார். என்ன நடக்கிறது என்று பார்க்க வரிசையின் கடைசியில் நின்றார். வரிசை நகர நகர அவரும் நகர்ந்தார். அவருக்குப் பின்னாலும் ஒரு பையன் வந்து சேர்ந்துகொண்டான். நோட்டைவிட்டு நிமிராமல் ரேவதி கேட்டாள், "சைஸ் இன்னா?"

"நாப்பத்திரண்டு" என்றார் தாளாளர்.

நிமிர்ந்து பார்த்த ரேவதியின் முகத்தில் ரத்தமே இல்லை. கோட்டுகளை அள்ளிப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். எத்தனை முறை துரத்தப்பட்டிருந்தால் ஒரு கைக்கு அந்த வேகம் வரும்! தாளாளர் அவள் கையிலிருந்த கோட்டைப் பிடித்தார். "இரும்மா. முதல்ல இந்தப் பையனுக்குக் குடு, லேப்புக்கு நேரமாச்சு" என்று பின்னால் நின்றவனை முன்னே விட்டார்.

வரிசை தீரும்வரை ஒதுங்கி நின்று பார்த்தார். பிளாஸ்டிக் உறையை நான் நீட்டினேன், வாங்கவில்லை. "இந்தச் சுவரை இதுக்கு மேல ஏத்த வேண்டாம்மா. மேல ஒரு கிரானைட் மட்டும் போட்டுடுங்க, கோட்டு அழுக்காகுது."

புதுக் கூடத்தில் பழைய பழக்கம்

கிரானைட் வந்தது. அடியில் செல்ஃபுகளை ஏழுமலையே கட்டினார், பிளக் பாயிண்ட் நான்கு வைத்தோம். எந்தப் பக்கமும் உருட்டலாம் என்று சக்கரம் வைத்த மேசைகள் வாங்கிப் போட்டேன். முதல் நாள் பிள்ளைகள் வந்தார்கள், அத்தனை மேசையையும் ஆசையாக உருட்டினார்கள், பள்ளிக்கூடம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னாலேயே வந்த பேராசிரியர் நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "மேடம், இதுல முன்பக்கம் எது?"

ஆறு மணி

ஒரு மாதம் கழித்து, ஒரு பிளக் பாயிண்டில் பொறி பறக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ச் சேர மாலை ஆறாகிவிட்டது. மேசைகள் எப்படியெப்படியோ கிடந்தன. ஒரு மூலையில் நான்கு பையன்கள் எதற்கோ அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரேவதி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கோட்டுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அம்மா போலிருக்கிறது, எங்கே இருக்கிறாய் என்று அதட்டல். நான் ஒரு தூணோரம் நின்றுவிட்டேன்.

"வந்துடறேம்மா, இன்னும் பத்து கோட்டு கீது. எங்கயும் சுத்தலம்மா. ஆபீஸ்ல கீறேன்."

வாசலில் பதித்த திறப்புவிழாக் கல்வெட்டில் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன, இடத்தைப் பிடித்தவளையும் சுவரை எழுப்பியவரையும் தவிர மற்ற எல்லோருடையதும்.