சொறிகிற நாயும் சந்தேகப்படுகிற வீடும்

மாட்டு டாக்டர் தொழிலில் நோயாளி வாய் திறந்து பேசுவதில்லை. அதன் சார்பில் பேச வருகிறவர்கள் சொல்வதை அப்படியே நம்பினால் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சென்னையில் படித்துவிட்டு வந்து காரைக்கால் கடைத்தெருவை ஒட்டி ஓர் அறை எடுத்துப் பலகை மாட்டினேன். மாடுகள் வரும் என்று நினைத்தேன். வந்தவை பெரும்பாலும் சொறிகிற நாய்களும் பூனைகளும். அப்படி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, அது கட்டில் காலில் முதுகைத் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்கும் உங்களுக்கு என் பாடு புரியும். முதலில் உண்ணி, தெள்ளுப்பூச்சி என்று சந்தேகப்படுவீர்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரை. கடைசியில் டாக்டரை.

மஞ்சள் பொட்டலம்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம். களிம்பு செய்யக் கந்தகத் தூள் தீர்ந்துபோயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொண்டு பூவம் வழியாகத் திரும்பினேன். அங்கே எல்லைச் சாவடியில் பையைத் திறந்த காவலர் மஞ்சள் தூளை மோந்து பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டார். ஊரில் ஊர்வலமும் கோஷமுமாக இருந்த சமயம். கந்தகம் என்றதும் அவர்களுக்கு வெடிமருந்து நினைவுதான் வந்தது.

"எண்ணெயில குழைச்சு சொறி நாய்க்குத் தடவறதுங்க" என்றேன். அதிகாரி நம்பவில்லை. அவர் பெஞ்சுக்கு அடியிலேயே ஒரு நாய், காதோரம் முடியெல்லாம் கொட்டி, விடாமல் சொறிந்துகொண்டு படுத்திருந்தது. "வேணும்னா இதுக்கே தடவிக் காட்டறேன்" என்று குனிந்தேன். பொழுது சாய்ந்த பிறகு பொட்டலத்தோடு என்னை விட்டுவிட்டார்கள் என்றாலும், நான் குனிந்தபோது அதிகாரி என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அது எங்க சாவடி நாய். இதைத் தடவி அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க மேல வேற கேஸ் வரும்."

பூனைக்கு யார் வைத்தது?

கப்பல் சரக்கு வியாபாரம் செய்த ஒரு மரைக்காயர் வீட்டில் வெள்ளைப் பூனை ஒன்று. முகத்தையும் கழுத்தையும் ரத்தம் வரப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வீட்டு அம்மா திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். "பாலும் சோறும் தவிர வேற எதுவும் கொடுக்கிறதில்லைங்க. எங்க நாத்தனா வந்து போனதிலேர்ந்துதான் இப்படி. அவங்க பார்வை சரியில்லை." கொல்லைப்பக்கம் நடமாடும் ஒவ்வொருவர் மேலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

பூச்சி இல்லை, சிரங்கு இல்லை. சாப்பாட்டில் ஏதோ ஒன்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றியது. பூனையை ஓர் அறையில் அடைத்து, சாவியை அந்த அம்மாவே வைத்துக்கொள்ளட்டும், அவர் கையால் மட்டும் சோறு வைக்கட்டும் என்றேன். புண் ஆறி முடி முளைத்தது. கதவைத் திறந்துவிட்டதும் மறுபடி சொறி. ஆக, வெளியே யாரோ எதையோ கொடுக்கிறார்கள். அந்த அம்மா வேலைக்காரியைத் தொடர்ந்தார், நாத்தனார் பிள்ளைகளைத் தொடர்ந்தார். கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்த மரைக்காயரே தம் தட்டிலிருந்து பொரித்த இறாலை உரித்து மடியிலிருந்த பூனைக்கு ஊட்டுவதைப் பார்த்துவிட்டார்.

அடுத்த தடவை நான் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் நாத்தனார் மேலிருந்த கோபம் துளிகூட இல்லை. "வாக்கப்பட்டு வந்த நாளா எனக்கு ஒரு இறால் உரிச்சு வச்சதில்லைங்க டாக்டர், பூனைக்கு உரிக்கிறாரு."

பாரிஸ் சோப்பு

சைகோனில் பிரெஞ்சு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பக்கத்துத் தருமபுரத்தில் இருந்தார். எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சடைநாய்க்குத் தினமும் வாசனை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டல். தோல் காய்ந்து, செதில் உதிர்ந்து, அது தன்னைத்தானே கடித்துக்கொண்டிருந்தது. சோப்பை நிறுத்துங்கள், வேண்டுமானால் வாரம் ஒருமுறை வெறும் தண்ணீர் போதும் என்றேன். அவர் என் பலகையில் இருந்த பட்டத்தை இன்னொருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பாரிஸ் சோப்பு நாயைக் கெடுக்காது. கெடுக்கிறதா இருந்தா அது உங்க மெட்ராஸ் மருந்தாத்தான் இருக்கும்."

வெறி

இது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. கடற்கரைக் குப்பத்திலிருந்து காளியப்பன் என்ற மீன்பிடிக்காரர் ஓடி வந்தார். அவர் நாயை அடித்துக் கொல்லக் கூட்டம் கூடிவிட்டது. நான் போனபோது நாயைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் துடுப்போடு ஆட்கள். நாய் தன் விலாவைத் தானே கடித்துப் பிய்த்தது, மணலில் புரண்டது, வாயோரம் எச்சில். பக்கத்து வீட்டு முத்தையனின் சின்ன மகள் அதைத் தடவப் போக, கையில் பல் பட்டுவிட்டது. வெறிதான் என்று முத்தையன் சொன்னார். முத்தையன் வீட்டில் வெந்நீர் ஊற்றிவிட்டார்கள் என்று காளியப்பன் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் ஏற்கெனவே வலை காயவைக்கிற இடத்தில் தகராறு.

எனக்கும் பயம்தான். வெறி இல்லை என்று அந்த நிமிஷத்தில் எந்த டாக்டரும் சத்தியம் செய்ய முடியாது. "குழந்தையை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ஊசியைத் தள்ளிப் போடாதீங்க. நாயை அடிக்காதீங்க. பத்து நாள் உயிரோட இருந்தா வெறி இல்லை, செத்தா எனக்குத் தெரியணும்" என்றேன். முத்தையன் துடுப்பைக் கீழே போடவில்லை. அவர் மனைவிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு அவரும் பின்னாலேயே ஓடினார்.

சட்டியில் தண்ணீரைக் கழியால் தள்ளிவைத்தேன். நாய் மடமடவென்று குடித்தது. வெறி இல்லை என்று சொல்ல அது மட்டும் போதாது என்று தெரிந்தாலும் கொஞ்சம் மூச்சு வந்தது. தள்ளி நின்று பார்த்தேன். வயிற்றிலும் விலாவிலும் மட்டும் கொப்புளம், முதுகு சுத்தம். வெந்நீர் ஊற்றினால் முதுகில் அல்லவா படும்? "இது எங்கே படுக்கும்?" என்று கேட்டேன். காளியப்பன் கரையில் ஏற்றி வைத்திருந்த படகைக் காட்டினார். பலகை உளுக்காமல் இருக்க முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் புதிதாக அடித்திருந்தார்கள். சொட்டியது கீழே மணலில் கறுப்பாகக் கிடந்தது. நாய் அந்த நிழலில்தான் படுத்திருக்கிறது. மனிதர் கையில் பட்டாலே வெந்துபோகிற எண்ணெய் அது.

பத்து நாளும் அந்த நாய் கட்டிப்போட்டபடியே கிடந்தது. களிம்பைக் கழியில் துணி சுற்றித் தடவினேன். குழந்தை ஊசிக்குப் போய் அழுதுவிட்டு வரும் வழியில் ஒவ்வொரு நாளும் நின்று, நாய் இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்க்கும். காளியப்பன் தூங்கவே இல்லை என்று நினைக்கிறேன். முத்தையன் ஏதாவது வைத்துவிடுவார் என்று நாய்க்குக் காவல். கெடு முடிந்த அன்று நாய் எழுந்து, உதறிக்கொண்டு, கருவாடு கேட்டது. காளியப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். முத்தையன் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"வெறி இல்லைன்னு நீங்க சொல்றீங்க, சரிங்க. ஆனா அது என்னைப் பார்க்கிற பார்வை இன்னும் சரியில்லை."

என் முறை

அந்த மழைக்காலத்தில் என் விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்து அரிக்க ஆரம்பித்தது. எந்த நாய் கொடுத்தது என்று வந்துபோன ஒவ்வொன்றையும் மனசுக்குள் நிறுத்தி விசாரித்தேன். மனைவி என் சட்டையை வாசலிலேயே வாங்கிக் கொதிநீரில் போட்டாள். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கையை நீட்டினேன். அவர் மோந்து பார்த்தார். எந்த நாயும் குற்றவாளி இல்லை. நாள் முழுக்க நான் குழைத்த கந்தகக் களிம்புதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த மருந்தையா ஊர் நாய்க்கெல்லாம் தடவிக்கிட்டிருக்கீங்க?"

காரைக்காலில் இருந்த அத்தனை வருஷமும் சொறிக்கு மருந்து கேட்டு வந்தார்களே தவிர, சந்தேகத்துக்கு மருந்து கேட்டு ஒருவரும் வரவில்லை, வந்திருந்தாலும் எதற்காகக் கேட்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டிருப்பேன்.