பூசைக்குப் போன சாவி

எங்கள் துடியலூர் வீட்டில் காருக்கு ஆயில் மாற்றுவது அம்மாவின் வேலை. சாதாரணக் கார் இல்லை. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வயதில் எனக்கு மூத்தது. அப்பா ஆசைப்பட்டு வாங்கி, சீக்கிரமே அலுத்துப்போய், சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "கிரைண்டரக் கழட்டி மாட்டறவளுக்கு இதென்னங்க பிரமாதம்?" என்று அன்றைக்கு வண்டிக்கு அடியில் படுத்தவள்தான். ஃபில்டர், பிளக், பிரேக் எல்லாமே அவள் கைதான்.

பம்புசெட் கம்பெனி நடத்தும் பெரியப்பாவுக்கு மட்டும் இது ஆகவே ஆகாது. இஞ்சினை என்றைக்காவது அம்மா கெடுத்துவிடுவாள், அதற்கு முன்னால் விற்றுவிட வேண்டும் என்பார். எங்கள் வீட்டில் பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். அம்மா ஒரு தப்புச் செய்தால் போதும், வண்டி வாசலைத் தாண்டிப் போய்விடும்.

ஒரு வருஷம் ஆயுத பூசையன்று காலையில், சாமி கும்பிடுவதற்குள் புது ஆயில் ஊற்றிவிடலாம் என்று அம்மா இஞ்சினுக்கு அடியில் ஆயிலை அடைத்திருக்கும் போல்ட்டைக் கழற்றினாள். பழைய ஆயில் தட்டில் வடியட்டும் என்று விட்டுவிட்டு, சுண்டலைப் பார்க்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பெரியப்பா. செல்போனில் ராகுகாலம் பார்த்தார். பூசையை முன்னாலேயே முடிக்கச் சொன்னார். கீழே கிடந்த ஸ்பேனர்களை, கழற்றிய போல்ட்டோடு சேர்த்து அள்ளிக்கொண்டுபோய் சாமிக்கு முன்னால் பரப்பிச் சந்தனமும் வைத்துவிட்டார். பூசையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. அதில் பெரியப்பா படு கறார்.

பூசை முடிந்ததும் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வழக்கம்போல வண்டியை எடுக்கப் பெரியப்பாவே ஏறி உட்கார்ந்தார்.

"சாவி குடு அம்மணி."

சொட்டு ஆயில் இல்லாத இஞ்சின். கிளப்பினால் உள்ளுக்குள்ளேயே இறுகி, அதோடு அதன் கதை முடிந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நேரே சாமி அறைக்குப் போனாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து ஸ்பேனர்களோடு வைத்து, ஒரு பொட்டும் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அதையும் பூசையில வெச்சுப்போட்டனுங்க மாமா. சாவியும் ஆயுதந்தானுங்களே?"

அடேயப்பா! பெரியப்பாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "அப்பறமென்ன, தள்ளுங்க!" என்று தானும் தோள் கொடுத்தார்.

பழங்கள் பட்டென்று நசுங்கின. எல்லோரும் கை தட்டினார்கள். பெரியப்பா மட்டும் திரும்பி, வண்டி நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே தட்டு நிறையக் கறுப்பு ஆயில். ஓரமாகக் கிடந்த சாக்கைக் காலால் இழுத்து அதன்மேல் போட்டார்.

கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னார்: "வண்டிய விக்க வேண்டாம்டா. அம்மணிகிட்டயே இருக்கட்டும்."

அம்மா இன்றைக்கும் அதற்கு அடியில்தான் படுத்திருக்கிறாள். நானோ வெகுகாலம் வரைக்கும், வெள்ளை வேட்டியில் கறை படக்கூடாதென்றுதான் பெரியப்பா அந்தச் சாக்கை இழுத்துப் போட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.